விட்டுவிட்டு அறும் வைஃபைத் தொடர்பு

பிழை இருவகைப்படும். எப்பொழுதும் நிலைத்து நிற்பது ஒருவகை. வருவதும் போவதுமாய் இருப்பது மற்றொருவகை. மின்விளக்கு அடியோடு எரியாதொழியின் அதன் காரணத்தைக் கண்டுபிடித்தல் எளிது. எரிந்தும் அணைந்தும் நிற்கும் விளக்கோ, பழுதுபார்க்க வருவோனை அலைக்கழிக்கும். அவன் வந்து நோக்குங்கால் செவ்வனே எரிந்து, அவன் தெருவைக் கடந்தவுடன் அணைந்துவிடும். மடிக்கணினியில் வைஃபைத் தொடர்பு விட்டுவிட்டு அறுதல் இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதன் காரணத்தை முறையாக நாடிக் காணும் வழியை மாணவர்க்குப் பயன்படுமாறு சுருங்கக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

இதனைச் சிறிய செய்தியென்று எண்ணுவாரும் உளர். உதவித்தொகைக்கு விண்ணப்பித்தல், தேர்வுக்குப் பெயர் பதிதல், கட்டுரையை ஆசிரியர்க்கு அனுப்புதல், வேலைக்குரிய நேர்முக வினாக்களுக்கு விடையளித்தல் ஆகிய பலவும் இந்நாளில் இத்தொடர்பின் வழியே நடைபெறுகின்றன. இறுதி நாளின் இறுதி வேளையில் அஃது அறுமாயின் ஓராண்டுக்குரிய உதவித்தொகையே கைவிட்டுப் போதல் கூடும். அன்றியும், பெற்றோர் அரும்பாடுபட்டு வாங்கித் தந்த கணினியைப் பழுதுடையதென்று கருதிக் கிடைத்த விலைக்கு விற்று, கடன்பட்டு வேறொன்று வாங்குவாரும் உளர். புதிய கணினியிலும் தொடர்பு முன்போலவே அறுமாயின் அவர் துயரத்தை என்னென்பது!

மலேரியாச் சுரத்தில் ஒருவகை ஒருநாள் விட்டு ஒருநாளும், மற்றொருவகை இரண்டு நாள் விட்டு ஒருநாளும் வரும். அந்நோயை விளைக்கும் கிருமியைக் காட்டும் கருவி தோன்றுதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, சுரம் வரும் நாளையும் வேளையையும் கேட்டு மருத்துவர் அதன் வகையைப் பிரித்தறிந்தனர். விட்டுவிட்டு வரும் பிழை எதற்கும் இம்முறை பொருந்தும். அது காரணமின்றி வருவதன்று. வருதற்கு ஒரு காலமும் இடமும் உண்டு. அவற்றைக் குறித்தறிவார்க்குக் காரணம் பாதி வெளிப்பட்டதாகும். இஃதொன்றே இக்கட்டுரை வற்புறுத்திக் கூறும் பொருள்.

தொடர்பு செல்லும் வழி

ஒரு பக்கம் கணினியில் திறவாதபோது நாம் உடனே, “வைஃபை போய்விட்டது” என்கிறோம். அக்கூற்று எப்பொழுதும் உண்மையாகாது. செய்தி நம்மிடம் வந்து சேரும் வழியை நான்கு நிலைகளாகப் பிரித்துக் கொள்ளலாம். முதலாவது, கணினியினுள் இருக்கும் வைஃபை அட்டையும், அதன் ஆண்டெனாவும், அவற்றை இயக்கும் டிரைவர் என்னும் மென்பொருளும். இரண்டாவது, கணினிக்கும் ரூட்டருக்கும் இடையேயுள்ள வெளி. மூன்றாவது, ரூட்டர். நான்காவது, ரூட்டரிலிருந்து புறப்பட்டு இணையச் சேவை அளிக்கும் நிறுவனத்திற்கும், அதற்கு அப்பாலும் செல்லும் கம்பிவழி. வைஃபை என்பது இவற்றுள் முதல் மூன்றையே தழுவியது. நான்காவதில் நேர்ந்த குற்றத்திற்காகக் கணினியைப் பழித்தல், ஆற்றில் நீரின்மைக்குக் குடத்தைப் பழித்தல் போலாம்.

ஆகவே, பிழை எந்நிலையில் உள்ளது என்பதை முதலில் துணிதல் வேண்டும். அதற்குப் பொருட்செலவு வேண்டுவதில்லை. பின்வரும் நான்கு சோதனைகள் போதும்.

நான்கு சோதனைகள்

முதற் சோதனை அடையாளத்தை நோக்குதல். தொடர்பு அறும்போது வைஃபைக் குறி முற்றும் மறைகின்றதா, அன்றிக் குறி இருக்க இணையம் மட்டும் இல்லையென்று கணினி கூறுகின்றதா என்று பார்த்தல் வேண்டும். குறியே மறையுமாயின் பிழை பெரும்பாலும் முதல் மூன்று நிலைகளுள் ஒன்றில் உள்ளது. குறி நிலைத்திருப்பின் ரூட்டரையும் அதற்கு அப்பாலுள்ள வழியையும் முதலில் ஐயுறலாம்.

இரண்டாம் சோதனை ஒப்புநோக்கல். அதே இடத்தில், அதே வேளையில், அதே வைஃபையில் இணைந்துள்ள வேறொரு கணினியோ கைப்பேசியோ தொடர்பை இழக்கின்றதா என்று காணல் வேண்டும். இம்முறை தமிழ் மாணவர்க்குப் புதிதன்று. 1887-ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கியே பாடங்களைத் துணிந்தார். ஓர் ஏட்டில் மட்டும் காணப்படும் பிழையை அவ்வேட்டை எழுதினோன்மேல் ஏற்றலாம். எல்லா ஏடுகளிலும் ஒருங்கே காணப்படுவதோ அவற்றிற்கெல்லாம் மூலமாயிருந்த ஏட்டிலேயே புகுந்திருத்தல் கூடும். அவ்வாறே, ஒரு கணினியில் மட்டும் தொடர்பு அறுமாயின் அக்கணினியையும், எல்லாவற்றிலும் ஒருங்கே அறுமாயின் ரூட்டரையும் அதன் அப்பாலையும் ஆராய வேண்டும்.

மூன்றாம் சோதனை கம்பியால் இணைத்தல். ரூட்டரிலிருந்து ஈதர்நெட் கம்பி ஒன்றைக் கணினியில் நேரே செருகி, வைஃபையை நிறுத்திவிட்டுச் சில மணி நேரம் வேலை செய்க. அப்பொழுதும் தொடர்பு அறுமாயின் வெளியும் வைஃபை அட்டையும் குற்றமற்றவை என்பது பெறப்படும்.

நான்காம் சோதனை பிங் என்னும் சிறு நிரல். 1983-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்கராகிய மைக் மூஸ் என்பவர் இதனை இயற்றினார். நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் கருவி எழுப்பும் ஒலியின் பெயரையே இதற்கு இட்டார். ஒலியை அனுப்பி எதிரொலிக்குக் காத்திருத்தல் போல, இது சிறு செய்தியொன்றை அனுப்பி விடைக்குக் காத்திருக்கும். விண்டோஸ் கணினியின் கட்டளைச் சாளரத்தில் ‘ஐபிகான்ஃபிக்’ என்று எழுதினால் ‘டிஃபால்ட் கேட்வே’ என்ற தலைப்பின்கீழ் ரூட்டரின் எண் தோன்றும், 192.168.1.1 என்பது போன்ற எண்ணாக அது பெரும்பாலும் இருக்கும். ஒரு சாளரத்தில் அவ்வெண்ணுக்கும், மற்றொரு சாளரத்தில் 8.8.8.8 போன்ற வெளியெண் ஒன்றுக்கும் ‘பிங் -டி’ என்னும் கட்டளையை இட்டு ஓடவிடுக. ‘-டி’ என்பது, நாம் நிறுத்துமளவும் இடையறாது கேட்டுக்கொண்டிருக்கச் செய்வது. தொடர்பு அறும்போது இரண்டிலும் விடை நின்றால் பிழை ரூட்டருக்கு இப்பாலோ ரூட்டரிலோ உள்ளது. ரூட்டர் விடையளித்துக்கொண்டிருக்க, வெளியெண்ணின் விடை மட்டும் நின்றால் பிழை அப்பாலது. சேவை நிறுவனத்திற்கு அறிவிப்பதன்றிக் கணினியில் நாம் செய்யக்கடவது யாதுமில்லை.

குறிப்பேடு

இச்சோதனைகளால் பிழை கணினியிலோ வெளியிலோ ரூட்டரிலோ உள்ளதென்று துணிந்த பின்னர், ஒரு குறிப்பேடு எடுத்துக்கொள்க. தொடர்பு அறுந்த ஒவ்வொரு முறையும் மணி, இருந்த இடம், கணினி மின்கலத்தால் இயங்கியதா மின்கம்பியால் இயங்கியதா, அதனோடு வேறு யாது இணைக்கப்பட்டிருந்தது, எவ்வளவு நேரத்தில் தொடர்பு மீண்டது என்னும் ஐந்தையும் எழுதி வருக. அறாத நாட்களையும் எழுத மறவற்க. அவையே பெரும்பாலும் உண்மையைக் காட்டுவன.

கணினியும் தனக்கென ஒரு குறிப்பை வைத்திருக்கின்றது. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் நிர்வாகி உரிமையுடன் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, ‘நெட்ஷ் டபிள்யூலேன் ஷோ டபிள்யூலேன்ரிப்போர்ட்’ என்னும் ஆங்கிலக் கட்டளையை இட்டால், முந்தின மூன்று நாட்களில் தொடர்பு கூடியதும் அறுந்ததும் நேரத்தோடும் காரணத்தோடும் ஓர் அறிக்கையாக வரும். மேக் கணினியில் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு வைஃபைக் குறியைத் தொட்டால், அப்பொழுதுள்ள அலையின் வலிமையும் சேனல் எண்ணும் தெரியும். நம் குறிப்பையும் கணினியின் குறிப்பையும் சேர்த்து வாசித்தல் நலம்.

காலமும் காரணமும்

இனி, பிழை வரும் காலம் எக்காரணத்தைச் சுட்டும் என்பதை நோக்குவோம்.

சிறிது நேரம் கணினியைத் தொடாதிருந்த பின்னும், மூடித் திறந்த பின்னும், மின்கலத்தால் இயங்கும் போதும் மட்டும் தொடர்பு அறுமாயின், மின்சிக்கன ஏற்பாட்டை ஐயுறுக. மின்கலம் நெடுநேரம் நிற்கும்பொருட்டுக் கணினி தன் வைஃபை அட்டையை உறங்கச் செய்கின்றது. டிரைவரில் குறையிருப்பின் உறங்கிய அட்டை செவ்வனே விழிப்பதில்லை. விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்பதன்கீழ் வைஃபை அட்டையின் பண்புகளில் பவர் மேனேஜ்மென்ட் என்னும் பகுதிக்குச் சென்று, மின்சிக்கனத்திற்காக இக்கருவியை நிறுத்தலாம் என்று கணினிக்கு அளித்திருக்கும் அனுமதியை நீக்குக. புதிய கணினிகள் சிலவற்றில் அப்பகுதி காணப்படாது. அவற்றிற்கு உற்பத்தியாளரின் தளத்திலிருந்து டிரைவரைப் புதுப்பித்தலே வழி. மென்பொருள் புதுப்பித்த நாள் தொட்டே பிழை தொடங்கியதென்று குறிப்பேடு கூறுமாயின், பழைய டிரைவருக்கு மீளுதல் தக்கது.

கணினியின் மூடியை ஒரு கோணத்தில் சாய்க்கும்போது மட்டும் அறுமாயின், அது கருவியின் பழுது. ஆண்டெனாக்கள் பெரும்பாலான மடிக்கணினிகளில் திரையைச் சூழ்ந்த சட்டத்தில் உள்ளன. அவற்றின் மெல்லிய கம்பிகள் கீலின் வழியே அடிப்பகுதியிலுள்ள அட்டைக்கு வருகின்றன. பன்முறை திறந்து மூடுதலால் அவை நைந்துபோதல் உண்டு. இதனைப் பழுதுபார்ப்போரிடம் ஒப்புவித்தலே முறை.

ஓரிடத்தில் மட்டும் அறுமாயின் அலையின் வலிமைக் குறைவை ஐயுறுக. வலிமையை டிபிஎம் என்னும் அளவாற் கூறுவர். அது பூச்சியத்திற்குக் கீழ்ப்பட்ட எண்ணாகவே வரும். பத்து எண் குறையுந்தோறும் வலிமை பத்தில் ஒரு பங்காகும். எனவே, கழித்தல் 50 என்பதற்கும் கழித்தல் 80 என்பதற்கும் இடையே ஆயிரம் மடங்கு வேற்றுமை உண்டு. கழித்தல் 67 வரையில் தடையின்றிப் பேசலாம். 80-ஐ நெருங்குங்கால் தொடர்பு தள்ளாடும். கனத்த சுவரும், இரும்பு அலமாரியும், நீர்த்தொட்டியும் அலையைத் தடுப்பவை. ரூட்டரை அலமாரியின் பின்னே மறைத்து வைப்பவர் அதனை உயரமான வெளியிடத்திற்கு மாற்றுதலாலேயே பயன் பெறுவர்.

மாலையில் யாவரும் கூடும் வேளையில் மட்டும் அறுமாயின் நெரிசலை ஐயுறுக. வைஃபைக்குரிய முதல் நெறிமுறை 1997-ஆம் ஆண்டில் வெளிவந்தபோது வானொலி அலைக்கு ஒதுக்கிய பகுதி 2.4 கிகாஹெர்ட்ஸ் என்பது. இன்றும் வைஃபைக் கருவிகள் மிகப்பல அங்கேயே குழுமியுள்ளன. அப்பகுதியில் சேனல்கள் ஒன்றுக்கொன்று ஐந்து மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்துள்ளன. ஆயினும் ஒவ்வொரு தொடர்பும் இருபது மெகாஹெர்ட்ஸ் அகலத்தைக் கவர்கின்றது. ஆகலின் 1, 6, 11 என்னும் மூன்றுமே ஒன்றோடொன்று மோதாமல் நிற்பவை. மூன்றாம் சேனலை அமைத்தவர், 1-லும் 6-லும் உள்ள அயலார் இருவரோடும் மோதுவர். மேலும், ஒரு சேனலில் ஒருவர் பேசுங்கால் பிறர் வாய்மூடிக் காத்திருத்தல் வைஃபையின் விதி; பேசுவோர் பெருகப் பெருகக் காத்திருத்தலும் பெருகும். உணவு வேளையில் மட்டும் அறுமாயின் மைக்ரோவேவ் அடுப்பையும் நினைக்க, அது 2.45 கிகாஹெர்ட்ஸில் இயங்குவது. இவற்றிற்கெல்லாம் ஒரு மருந்து, ரூட்டரும் கணினியும் இடந்தருமாயின் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதிக்கு மாறுதல். அவ்வலை சுவரை ஊடுருவுதல் குறைவு. ஆனால் அங்கே இடம் மிகுதி.

அவ்வைந்திலும் ஒரு சிறப்புப் பிழை உண்டு. நன்றாய் நடந்துகொண்டிருந்த தொடர்பு யாவர்க்கும் ஒருங்கே அறுந்து, ஓரிரு நிமிடங் கழித்து மீளுமாயின் ராடாரை ஐயுறுக. வானிலையை நோக்கும் ராடார்கள் சில இப்பகுதியின் ஒரு கூற்றிலே இயங்குகின்றன. சேனல் 52 முதல் 144 வரையில் அமர்ந்த ரூட்டர், ராடாரின் அலை தன்மேற் பட்டதாக உணர்ந்தால் அவ்விடத்தை விட்டு நீங்கி, முப்பது நிமிடம் அங்கே மீளாதிருத்தல் வேண்டுமென்பது விதி. அக்கூற்றில் புதிய சேனல் ஒன்றிற் புகுமுன்னரும் குறைந்தது அறுபது நொடி செவிமடுத்திருத்தல் வேண்டும். விமான நிலையத்தின் அண்மையில் வாழ்வோர் 36 முதல் 48 வரையுள்ள சேனல்களுள் ஒன்றை அமைத்துக்கொள்ளின் இத்தொல்லை நீங்கும்.

கடிகாரம்போல் ஒத்த இடைவெளியில் அறுமாயின், ரூட்டர் கணினிக்கு அளிக்கும் எண்ணின் தவணையை நோக்குக. ரூட்டர் ஓர் எண்ணை ஒரு காலவரைக்கே குத்தகையாக அளிக்கின்றது. அதன் பாதி கழிந்தவுடன் கணினி அதனைப் புதுப்பிக்க வேண்டுகின்றது. அவ்வேண்டுகோள் நிறைவேறாமற் போயின் தவணை முடியும்போது தொடர்பு அறும். ரூட்டரை அணைத்து மீண்டும் இயக்குதலும், அதன் மென்பொருளைப் புதுப்பித்தலும் இதற்குரிய பரிகாரங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு

எம் விடுதி நண்பர் ஒருவரின் கணினியில் இரவுதோறும் தொடர்பு அறுந்துகொண்டிருந்தது. இரவில் விடுதி நிறைந்திருத்தலால் நெரிசலே காரணமென்று நாங்கள் கருதினோம். கடைக்காரர் ஒருவரோ அட்டை கெட்டுவிட்டது என்றும், புதிய கணினி வாங்குதலே நலம் என்றும் கூறினார். நண்பரும் தம் தமையனாரிடம் பணம் கேட்டிருந்தார். அதன் பின்னரே ஆறு இரவுகள் குறிப்பேடு எழுதினோம். நான்கு இரவுகளில் தொடர்பு அறுந்தது, இரண்டில் அறவில்லை. அவ்விரண்டு இரவுகளிலும் அவர் நூற்படங்கள் நிறைந்த தம் வெளிவட்டை இணைக்காமல், பாடக் குறிப்புகளைக் கையால் எழுதிக்கொண்டிருந்தார். மறுநாள் நண்பகலில், விடுதி வெறுமையாய் இருந்தபோது, வட்டை இணைத்துப் பார்த்தோம். சிறிது நேரத்தில் தொடர்பு அறுந்தது. வட்டை நீக்கினோம், மீண்டது. மும்முறை செய்தும் பயன் அதுவே.

யூஎஸ்பி 3.0 என்னும் வேகமிக்க இணைப்பு இயங்குங்கால் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலை எழுப்பும் என்பதை இன்டெல் நிறுவனம் 2012-ஆம் ஆண்டிலேயே ஓர் அறிக்கையில் விளக்கியுள்ளது. கணினியின் ஆண்டெனாவுக்கு அருகே அவ்விரைச்சல் எழுதலால், தொலைவிலுள்ள ரூட்டரின் மெல்லிய குரல் அதற்குக் கேட்பதில்லை. நண்பர் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றி, வட்டைச் சற்று நீண்ட கம்பியால் அப்பால் வைத்துக்கொண்டார். செலவு ஒரு காசுமில்லை. தமையனாரிடம் கேட்ட பணமும் வேண்டாவாயிற்று.

மாற்றுங்கால் ஒன்றையே மாற்றுக

பரிகாரம் செய்வோர் நினைவிற் கொள்ளத்தக்கன சில உள. ஒரே வேளையில் பலவற்றை மாற்றற்க. டிரைவரைப் புதுப்பித்து, சேனலை மாற்றி, ரூட்டரை இடம்பெயர்த்து, அனைத்தையும் ஒருநாளிற் செய்தார்க்குப் பிழை நீங்கினும் நீக்கியது எது என்பது தெரியாது. மீண்டும் வருமாயின் முதலிலிருந்தே தொடங்க வேண்டும். ஒன்றை மாற்றியபின் போதிய காலம் பொறுத்து நோக்குக. இரண்டு நாளைக்கொருமுறை வரும் பிழை ஒருநாள் வாராமையால் தீர்ந்ததாகாது. செலவில்லாதவற்றை முன்னும், செலவுடையவற்றைப் பின்னும் செய்க. விண்டோஸிலுள்ள நெட்வொர்க் ரீசெட் என்பது, சேமித்த கடவுச்சொற்களையும் அமைப்புகளையும் ஒருங்கே அழித்துவிடுமாதலின், அதனை இறுதிக்கு வைத்துக்கொள்க. அதன் பின்னும் தீராதாயின், யூஎஸ்பியில் செருகும் சிறிய வைஃபைக் கருவியொன்றை நண்பரிடம் இரவல் பெற்றுச் சோதிக்கலாம். அது நிலைத்து நிற்க, உள்ளிருக்கும் அட்டை மட்டும் அறுமாயின், அட்டையிலோ, அதன் கம்பியிலோ, டிரைவரிலோ குற்றமுண்டென்பது உறுதி. அதற்கும் அவ்வுறுப்பை மாற்றுதலே போதும். கணினியையே மாற்ற வேண்டுவதில்லை.

பிழை ரூட்டரில் உள்ளதென்று துணிந்தவிடத்து, பொறுப்பாளரிடம் சென்று, “வைஃபை சரியில்லை” என்று மட்டும் சொல்லுதலால் பயனில்லை. அவர் வந்து பார்க்கும் வேளையில் அது சரியாகவே இருக்கும். “செவ்வாய் இரவு 8.10-க்கும் 8.40-க்கும், கீழைத் தாழ்வாரத்தில், மூன்று கணினிகளில் ஒருங்கே அறுந்தது, ரூட்டரும் விடையளிக்கவில்லை” என்று எழுதிக் கொடுப்பாராயின், ரூட்டரின் பதிவில் அந்நேரத்தைத் தேடி அவர் காரணத்தைக் காணல் கூடும். குறிப்பேட்டின் ஒரு தாள் பத்து முறையீடுகளினும் வலியது. ஆதலின், தொடர்பு அடுத்தமுறை அறும்போது ரூட்டரை அணைக்கக் கையை நீட்டுமுன் மணியைப் பார்த்து எழுதிக்கொள்க.